மாணவர் சங்கத் தலைவர் தேர்தலில் நிற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரவை, சங்கம், ஒன்றியம் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும் தலைவர் தேர்தலில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். விதிகள் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். மாறும் இடங்களில் இந்தியா, பிரிட்டன் இரண்டையும் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறோம்.

எவ்வளவு காலம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்?

குறைந்தது மூன்று மாதம். அறிவிப்பு வந்த பிறகு ஆள் சேர்க்கத் தொடங்குபவருக்கு நேரம் போதாது. இந்தியாவில் மாணவர் சங்கத் தேர்தல்களுக்கு விதி வகுத்த லிங்டோ குழுவின்படி, வேட்புமனு தொடங்கி முடிவு அறிவிப்பு வரை மொத்தமே 10 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். அதில் மனு, பரிசீலனை, வாபஸ், வாக்குப்பதிவு, எண்ணிக்கை எல்லாம் போக, வாக்காளரைப் பார்க்கக் கிடைப்பது நாலைந்து நாள்தான். அந்த நாட்களில் வாக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. குழு, துறைவாரிப் பட்டியல், தேர்தல் அறிக்கை, சான்றிதழ்கள் எல்லாம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

முதலில் எதைப் படிக்க வேண்டும்?

சங்கத்தின் விதித்தொகுப்பை. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நண்பர் சொன்னதை நம்பி இறங்குகிறார்கள். வாக்காளர் யார், முனைவர் பட்ட மாணவர்களுக்கும் பகுதி நேர மாணவர்களுக்கும் வாக்கு உண்டா, மாணவர்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்களா அல்லது வகுப்புப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கிறார்களா, எந்த முறையில் எண்ணுகிறார்கள், செலவு வரம்பு என்ன, எதைச் செய்தால் தகுதி இழப்பு, புகார் கொடுக்கக் கடைசி நாள் எது என்று பாருங்கள். இதில் நேரடியா, பிரதிநிதிகள் வழியா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். பிரதிநிதிகள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் உங்கள் உண்மையான தேர்தல் வகுப்பறைகளில், பிரதிநிதி தேர்வு அன்றே நடந்து முடிந்துவிடுகிறது.

கூடவே கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் முடிவுகளைத் தேடி எடுங்கள். மொத்த வாக்கு எவ்வளவு, பதிவானது எவ்வளவு, செல்லாதவை எத்தனை, வென்றவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் என்ன என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும்.

இந்தியாவில் யார் போட்டியிடலாம்?

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006-இல் அறிக்கை தந்தது. அதைப் பின்பற்றும்படி அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி இளநிலை மாணவர்களுக்கு வயது 17 முதல் 22, முதுநிலைக்கு அதிகபட்சம் 24-25, ஆய்வு மாணவர்களுக்கு 28. நான்கைந்து ஆண்டுத் தொழிற்படிப்புகளுக்கு வயதில் தளர்வு தரலாம். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. அட்டென்டன்ஸ் 75 சதவீதம் அல்லது பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு, இரண்டில் எது அதிகமோ அது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். குற்ற வழக்கில் நீதிமன்ற விசாரணையோ தண்டனையோ, பல்கலைக்கழகம் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையோ இருந்தால் நிற்க முடியாது.

பலர் கவனிக்காமல் விடும் விதி ஒன்று உண்டு: நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். சென்ற ஆண்டு இணைச் செயலாளர் பதவிக்கு நின்று தோற்றவர் இந்த ஆண்டு தலைவர் பதவிக்கு மனு கொடுத்தால் தள்ளுபடியாகும். அதனால் "முதலில் சின்னப் பதவியில் பழகிவிட்டு வருகிறேன்" என்ற திட்டம் இங்கே செல்லாது. செயற்குழு உறுப்பினர் இடத்துக்கு மட்டும் இரண்டு முறை வாய்ப்பு உண்டு.

பிரிட்டனில் படிப்பவர்களுக்கு?

அங்கே தலைவர் பதவி பெரும்பாலும் சம்பளத்துடன் ஓர் ஆண்டு முழுநேர வேலை. படிப்பை ஓராண்டு நிறுத்தி வைத்தோ, முடித்த பிறகோ அதில் சேர்கிறார்கள். 1994-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம். சம்பளமுள்ள பதவியில் ஒருவர் அந்தக் கல்வி நிறுவனத்தில் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. வெளிநாட்டு மாணவர்கள் போட்டியிடத் தடையில்லை. ஆனால் வேலை செய்ய உங்கள் விசா இடம் தருகிறதா என்பதை மனு போடும் முன்பே பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசனைப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வென்ற பிறகு கேட்பது ஆபத்து.

வேட்புமனு எதனால் தள்ளுபடியாகிறது?

பெரும்பாலும் சின்னக் காரணங்களால். முன்மொழிந்தவரோ வழிமொழிந்தவரோ இன்னொரு வேட்பாளருக்கும் கையெழுத்துப் போட்டிருப்பார். அல்லது அவர் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இருக்காது. மனுவில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இனிஷியல் இருக்கும். ஹாஸ்டல் பாக்கியோ நூலக அபராதமோ நிலுவையில் இருக்கும். அட்டென்டன்ஸ் சான்றிதழில் துறைத் தலைவர் கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்காது.

மனுவை இரண்டு படிகள் தயார் செய்யுங்கள். இரண்டிலும் வெவ்வேறு முன்மொழிபவர், வழிமொழிபவர் இருக்கட்டும். ஒன்றுக்கு மேல் மனு கொடுக்க விதி அனுமதித்தால் இரண்டையும் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது கையிருப்பாக இருக்கட்டும். முதல் நாளே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்ட நேரத்துடன் ரசீது கேட்டு வாங்குங்கள். கடைசி அரை மணி நேரத்தில் கொடுத்தால் பிழையைத் திருத்த அவகாசம் இருக்காது. பரிசீலனையின்போது நீங்களே நேரில் இருங்கள், விதித்தொகுப்பின் நகலும் கையில் இருக்கட்டும். அணியாக நிற்பவர்கள் தலைவர் பதவிக்கு ஒரு மாற்று வேட்பாளரையும் மனு போட வைத்து, முதல் மனு ஏற்கப்பட்டதும் வாபஸ் வாங்கச் சொல்வது நல்ல பழக்கம். லிங்டோ விதி உள்ள இடத்தில், அப்படி வாபஸ் வாங்கியவரின் ஒற்றை வாய்ப்பு என்ன ஆகும் என்பதைத் தேர்தல் அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெல்ல எத்தனை வாக்கு வேண்டும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். வாக்காளர்கள் 6,000 பேர். பாதிப் பேர்தான் வாக்களிப்பார்கள் என்று வைத்தால் 3,000. மும்முனைப் போட்டி என்றால் 1,200 வாங்கியவர் வெல்ல வாய்ப்பு அதிகம். அதாவது மொத்த மாணவர்களில் ஐந்தில் ஒருவர். இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்தால்தான் அந்த 1,200 பேர் எந்தத் துறையில், எந்த ஆண்டில், எந்த ஹாஸ்டலில் இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தோன்றும்.

துறை வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை வாக்கு, அங்கே நமக்காகப் பேசுபவர் யார், நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் உறுதி எத்தனை, தயக்கம் எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று ஐந்தாறு கட்டம் போதும். தினமும் இரவு அதைத் திருத்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். "உனக்குத்தான் போடுவேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்களை அப்படியே கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று வேட்பாளரிடமும் அதையே சொல்பவர்கள் உண்டு. தானாக நண்பர்களை அழைத்து வருபவர், போஸ்டர் எழுத உட்காருபவர், உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு போனவர் ஆகியோரைத்தான் உறுதி என்று குறிக்கலாம்.

தோற்றவர்கள் பெரும்பாலும் எதிரணியின் வாக்கை நினைத்துத்தான் வருந்துகிறார்கள். ஆனால் பல தேர்தல்களில் முடிவைத் தீர்மானிப்பது, நமக்குப் போட நினைத்தும் அன்று வராமல் போனவர்கள்தான்.

விருப்ப வரிசை முறை என்றால் என்ன மாறும்?

நிறைய மாறும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல சங்கங்களில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். முதல் விருப்பத்தில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் கடைசியில் உள்ளவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பப்படி பிரிப்பார்கள்.

1,000 வாக்குகள் என்று வைப்போம். அ 420, ஆ 330, இ 250. பாதியைத் தாண்டியவர் யாருமில்லை. இ நீக்கப்படுகிறார். அவருக்குப் போட்டவர்களில் 190 பேர் ஆ-வை இரண்டாவதாகக் குறித்திருக்கிறார்கள், 40 பேர் அ-வை; 20 பேர் இரண்டாம் விருப்பமே எழுதவில்லை. இப்போது ஆ 520, அ 460. முதலில் 90 வாக்கு முன்னால் இருந்த அ தோற்றுவிட்டார்.

அதனால் இந்த முறையில், இன்னொருவரின் ஆதரவாளரிடம் "சரி, உங்கள் ஆளுக்கே 1 போடுங்கள், எனக்கு 2 போடுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்க மானக்கேடு ஒன்றுமில்லை. சக வேட்பாளரைத் திட்டிக்கொண்டே அவருடைய ஆட்களிடம் இரண்டாம் விருப்பம் வாங்க முடியாது என்பதால், இந்த முறை உள்ள இடங்களில் பேச்சின் தொனியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் பல சங்கங்களின் வாக்குச்சீட்டில் "வேட்புமனுவை மீண்டும் திறக்க" என்ற விருப்பமும், அதாவது இவர்கள் யாரும் வேண்டாம், புதிதாக மனு வாங்குங்கள் என்பதும், ஒரு வேட்பாளரைப்போல இருக்கும். அங்கே போட்டியே இல்லாமல் நிற்பவரும் அதைத் தோற்கடித்தாக வேண்டும்.

அணியாக நிற்பதா, தனியாகவா?

அணி என்றால் தலைவர், செயலாளர் போன்ற நான்கு பதவிக்கான வேட்பாளர்களும் ஒருவருக்கொருவர் வாக்கு சேர்ப்பார்கள், வேலை பகிர்ந்துகொள்ளப்படும். ஆனால் அணியில் ஒருவர் மேல் உள்ள வெறுப்பு மற்றவர்கள் மேலும் விழும். தனியாக நிற்பவருக்கு எல்லாப் பக்கமும் வாக்குக் கேட்கும் சுதந்திரம் உண்டு. ஆனால் வாக்குச்சாவடியில் முகவராக உட்காரவே ஆள் தேட வேண்டியிருக்கும். ஒரே துறையில் 500 பேருக்கு மேல் தெரிந்தவர், அல்லது ஏற்கெனவே ஏதாவது ஒரு போராட்டத்தில் முன்னால் நின்று அறிமுகமானவர் தவிர மற்றவர்களுக்கு அணிதான் நல்லது. அணி அமைக்கும்போது நண்பர்களாகப் பார்த்து எடுக்காதீர்கள். நால்வரும் ஒரே துறை, ஒரே ஹாஸ்டல் என்றால் நான்கு பேர் நின்றும் ஒருவரின் வாக்குதான் கிடைக்கும்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

அட்டவணை போட்டு வேட்பாளரை நேரத்துக்கு நகர்த்தும் ஒருவர், பட்டியல் பார்ப்பவர் ஒருவர், பணத்தையும் ரசீதையும் மட்டும் கவனிக்கும் ஒருவர், விதிகளை வரி வரியாகப் படித்தவர் ஒருவர். இவர்களோடு ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆள். மேடையில் நிற்க ஆசைப்படுபவர் நிறையக் கிடைப்பார்கள். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து பட்டியலைத் திருத்துபவர்தான் கிடைப்பது அரிது.

தேர்தல் அறிக்கையில் என்ன எழுதலாம்?

தலைவருக்கு உள்ள அதிகாரத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் கட்டணத்தைக் குறைக்கவோ தேர்வுத் தேதியை மாற்றவோ தலைவரால் முடியாது. குழுக் கூட்டங்களில் கேட்கலாம், அழுத்தம் கொடுக்கலாம், மாணவர்களைத் திரட்டலாம், சங்க நிதியைச் செலவிடலாம். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் கீழே, இதை முடிவெடுப்பது யார், அந்தக் கூட்டம் எப்போது நடக்கும், பணம் எங்கிருந்து வரும் என்று உங்களுக்காக எழுதிப் பாருங்கள். பதில் இல்லாததை வெட்டிவிடுங்கள்.

"நூலகத்தை நள்ளிரவு வரை திறப்போம்" என்பதை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் திறந்து வைக்கக் கூடுதல் பணியாள் வேண்டும், காவலர் வேண்டும். பெண்கள் ஹாஸ்டல் கதவு ஒன்பது மணிக்கே மூடினால் அந்த நூலகம் ஆண்களுக்கு மட்டும் திறந்ததாகிவிடும். ஹாஸ்டல் வரை வெளிச்சமும் வண்டியும் இல்லையென்றாலும் அப்படித்தான். ஆகவே இப்படி எழுதலாம்: "தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் வாசிப்பறையை மட்டும் இரவு 12 வரை திறக்கவும், அந்த நாட்களில் ஹாஸ்டல் நுழைவு நேரத்தை 12.30 ஆக்கவும், நூலகக் குழுவின் முதல் கூட்டத்திலேயே எழுத்துப்பூர்வமாகக் கோருவோம்." இதை எதிரணி கேள்வி கேட்டுக் கவிழ்ப்பது கடினம். ஓராண்டு கழித்து, செய்தீர்களா இல்லையா என்று யாரும் சரிபார்க்கவும் முடியும்.

மூன்று பெரிய வாக்குறுதி, ஒவ்வொரு துறைக்கும் ஒரு சின்ன வாக்குறுதி போதும். வேதியியல் ஆய்வகத்தில் புகைபோக்கிப் பெட்டி வேலை செய்யவில்லை என்பதை அறிக்கையில் பார்க்கும் வேதியியல் மாணவர், உங்கள் ஆட்கள் அங்கே வந்து கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்.

வகுப்புகளில் எப்படிப் பேசுவது?

இரண்டு நிமிடம். அதற்கு மேல் எந்த ஆசிரியரும் தரமாட்டார், மாணவர்களும் கேட்கமாட்டார்கள். முன்கூட்டியே ஆசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். வகுப்பு தொடங்கும் முன் வரும் ஐந்து நிமிடம் நல்லது, முடிந்த பிறகு எல்லோரும் வெளியேறும் அவசரத்தில் இருப்பார்கள். பெயர், துறை, எந்தப் பதவி என்று பத்து வினாடியில் சொல்லுங்கள். பிறகு அந்த வகுப்புக்கே உரிய ஒரு பிரச்சினை, அதற்கு நீங்கள் செய்யப்போவது, வாக்குப்பதிவு நாள், வாக்குச்சாவடி இருக்கும் இடம், உங்கள் வரிசை எண். கடைசியில் பெயரை மீண்டும் ஒரு முறை. "அன்பார்ந்த நண்பர்களே" என்று தொடங்கிச் சங்கத்தின் வரலாற்றுக்குள் போனால் நேரம் போய்விடும்.

பேசி முடித்து வெளியே போகும்போது குழுவில் ஒருவர் பின்தங்கி நிற்கட்டும். உண்மையான கேள்விகள் அவரிடம்தான் வரும். ஹாஸ்டலில் அறை அறையாகப் போகும்போது இரண்டு மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். பத்துப் பேர் கதவில் நின்றால் உள்ளே இருப்பவருக்குப் பயம்தான் வரும். வீட்டிலிருந்து வருபவர்களைப் பேருந்து நிறுத்தத்திலும் கேன்டீனிலும்தான் பிடிக்க முடியும். பல வேட்பாளர்கள் ஹாஸ்டலோடு நிறுத்திக்கொள்வதால் அந்த வாக்குகள் யாராலும் கேட்கப்படாமல் கிடக்கின்றன.

போஸ்டர், சுவரெழுத்து?

லிங்டோ விதிப்படி அச்சடித்த போஸ்டருக்கும் துண்டறிக்கைக்கும் இடமில்லை. கையால் எழுதிய போஸ்டர் மட்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில் மட்டும். ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு ஆகியவற்றைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இதை எல்லோரும் மீறுகிறார்களே என்று நினைக்க வேண்டாம். டெல்லி பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்கு 2024 செப்டம்பர் 27-இல் வாக்குப்பதிவு நடந்தது. சுவர்களைப் போஸ்டர்களாலும் எழுத்துகளாலும் நாசமாக்கியதற்காக டெல்லி உயர் நீதிமன்றம் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. சுத்தம் செய்த பிறகு நவம்பர் 25-இல்தான் முடிவு வந்தது. வென்றவர்களின் பதவிக் காலத்தில் இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

செலவுக்கு எவ்வளவு? யார் தரலாம்?

லிங்டோ குழு வைத்த வரம்பு ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய். மாணவர்கள் விரும்பித் தரும் நன்கொடையைப் பெறலாம், அரசியல் கட்சிகளின் பணத்தைப் பெறக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலும் வரம்பைத் தாண்டியிருந்தாலும் வெற்றியே ரத்தாகும். நண்பர் இலவசமாகக் கொடுத்த சார்ட் தாளுக்கும் விலை போட்டு எழுதுங்கள். தேர்தல் முடிந்ததும் உட்கார்ந்து எழுதலாம் என்று விட்டால் ரசீது ஒன்றும் கிடைக்காது.

விவாத மேடைக்கு எப்படித் தயாராவது?

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தலைவர் வேட்பாளர்களின் விவாதம் ஒரு பெரிய நிகழ்வு. அங்கே வேட்பாளர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கிறார்கள், பார்வையாளர்களும் கேட்கிறார்கள். இப்படி மேடை இருக்கும் இடத்தில், உங்களிடம் கேட்கவே கூடாது என்று நீங்கள் நினைக்கும் பத்துக் கேள்விகளை நண்பர்களை விட்டு எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடப் பதில் பழகுங்கள். எதிராளியிடம் கேட்கும் கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டியதாக இருக்கட்டும். நீளமான கேள்வி அவருக்கு இன்னொரு உரை நிகழ்த்த வாய்ப்புத் தரும்.

சாதி, மதம் சொல்லி வாக்குக் கேட்கிறார்கள், மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

சாதி, மத உணர்வைத் தூண்டி வாக்குக் கேட்பதும் வழிபாட்டு இடங்களில் பிரச்சாரம் செய்வதும் லிங்டோ நடத்தை விதியில் தடை. வாய்மொழியாக முறையிட்டுப் பயனில்லை. தேதி, நேரம், இடம், சாட்சிகள், படம் அல்லது பதிவு ஆகியவற்றுடன் தேர்தல் அலுவலருக்கும் குறைதீர் பிரிவுக்கும் எழுத்தில் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டலோ தாக்குதலோ என்றால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். பெண் வேட்பாளர்களைப் படத்தை மாற்றியும் அவதூறாகவும் இணையத்தில் குறிவைப்பது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பதிவு அழிக்கப்படும் முன் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு முகவரியும் எடுத்து வைப்பதற்கென்றே குழுவில் ஒருவர் இருக்க வேண்டும். வேட்பாளரே அதையெல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை.

வாக்குப்பதிவு அன்று என்ன வேலை?

புதிதாக யாரையும் மனம் மாற்ற முயல வேண்டாம். அன்று பிரச்சாரத்துக்கே தடை இருக்கும். உறுதி என்று குறித்தவர்களை வரவழைப்பதுதான் வேலை. துறைப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தன் பட்டியலை வைத்து, மதியத்துக்குள் பாதிப் பேர் வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஆய்வக வகுப்பு இருப்பவர்கள் காலையிலேயே போட்டுவிடட்டும், மாலையில் வரிசை நீளும். வாக்காளருக்குத் தரும் அடையாளச் சீட்டு வெறும் வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும், அதில் வேட்பாளர் பெயரோ சின்னமோ கூடாது. அடையாள அட்டை மறந்து வருபவர்களே அதிகம். முந்தைய இரவு அனுப்பும் செய்தியில் முதல் வரி அதுவாக இருக்கட்டும். இணையவழி வாக்குப்பதிவு என்றால் அடையாள அட்டைக்குப் பதில் கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை முதல் நாளே திறக்கச் சொல்லுங்கள்.

எண்ணும் இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெட்டியைத் திறக்கும் முன் முத்திரையைப் பாருங்கள். பெட்டிக்குள் இருந்த சீட்டுகளின் எண்ணிக்கையும் வாக்களித்தவர்கள் போட்ட கையெழுத்துகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எண்ணத் தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கட்டுகளில் நடுவே வேறு வேட்பாளரின் சீட்டு கலந்துவிடுவது சகஜம். அதனால் உங்கள் முகவர் மற்றவர்களின் கட்டுகளையும் புரட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். செல்லாத வாக்குகளைத் தனியாக, ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். கோட்டின் மேல் விழுந்த முத்திரை யாருக்கு என்பதில்தான் தகராறு வரும். அதற்கான விதி என்ன என்று எண்ணிக்கை தொடங்கும் முன்பே எல்லா முகவர்களும் ஒப்புக்கொண்டால் சண்டை பாதி குறையும். மறு எண்ணிக்கை கேட்பதென்றால் முடிவை அறிவிக்கும் முன் கேளுங்கள். அறிவித்த பிறகு அது புகாராகிவிடும், புகாருக்கு லிங்டோ விதியில் அவகாசம் மூன்று வாரம்.

வென்றால் முதல் வாரம் என்ன செய்வது?

முந்தைய நிர்வாகிகளிடமிருந்து வங்கிப் புத்தகம், நிலுவைப் பட்டியல், தீர்மானப் பதிவேடு, சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்கள் ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். வங்கியில் கையொப்பம் மாற்றச் சில வாரம்கூட ஆகும், அதுவரை ஒரு நிகழ்ச்சிக்கும் பணம் எடுக்க முடியாது. அந்த விண்ணப்பத்தை முதல் நாளே கொடுங்கள். எந்தக் குழுக்களில் தலைவருக்கு இடம் உண்டு, அவற்றின் அடுத்த கூட்டம் எப்போது, நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்க எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நூலக வாசிப்பறைக் கோரிக்கை அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை, சில இடங்களில் அடுத்த செமஸ்டர் வரை, காத்திருக்க வேண்டியதுதான்.